பென்சிலில் நின்றுபோன பெயர்

கஸ்பார் அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் வள்ளியூரில் இருந்தேன். அவருக்குத் தெரியாமல்தான் அங்கே போயிருந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் வாரிசுகள் வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். தங்கள் முன்னோரைத் தேடித்தர முடியுமா என்று நம் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் கூட்டத்தில் வாசிக்கவில்லை. வாசித்தால் அண்ணாச்சி எடுத்துக்கொள்வார், எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டார். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "கஸ்பார் அண்ணாச்சி பின்னால வாராங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை, நான் மட்டும்தான்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கைபேசி அடித்தது. அண்ணாச்சியின் மகள் ஸ்டெல்லா. இங்கிலாந்தில் செவிலியராக இருப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். "மாமா, அப்பா போயிட்டாங்க. பேப்பர் வாசிச்சிட்டு இருந்தாங்க, கண்ணாடியக் கழட்டி மேசை மேல வச்சாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள்.

எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். இந்த வள்ளியூர்க்காரரை இனி நானே நிதானமாகத் தேடலாம் என்று தோன்றியது. அதுதான் முதல் நினைப்பு. அழுகை பேருந்தில் நாங்குநேரி தாண்டிய பிறகுதான் வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன்.

அண்ணாச்சிக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லாரும் பேசினீர்கள். நான் எழுந்தேன், இரண்டு வார்த்தை சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்து ஒருவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அடைத்தது துக்கம் மட்டுமல்ல. நான் அவர்மேல் பன்னிரண்டு வருடமாகப் பொறாமைப்பட்டவன். அந்தப் பொறாமையால் அவருக்கு ஒரு கெடுதல் செய்தவன். அதை மேடையில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்கள் கையிலும் இந்தத் தாள் போகும் என்பதால் ஒரு வார்த்தை. அண்ணாச்சி ராதாபுரம் தாண்டி, கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தார். கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணிக் குறிக்கிற வேலை அது. ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டைக்கு வந்து குடியேறி, தெரு நூலகத்தில் நாம் நடத்துகிற கூட்டத்தில் சேர்ந்தார். பட்டாளத்துக்கும் கப்பலுக்கும் போன முன்னோர்களைப் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் தேடுவது நம் கூட்டத்தின் வேலை. அவர் வருவதற்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் பெரிய ஆள் நான்தான். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன், வேறு எப்படி இருப்பேன்?

அவர் முதல்முறை வந்த அன்று நான் என் பூட்டனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்குப் 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர். பாளையங்கோட்டையில் பட்டாளம் இருந்த காலத்தில் பூட்டனார் அதில் சிப்பாய். அவருடைய வீரம், நிமிர்ந்த நடை, மீசை என்று முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். கடைசி வரிசையில் குடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த புது ஆள் எழுந்து, "எல்லாஞ் சரி வே வாத்தியாரே. கணக்கெடுத்த அன்னைக்கு ராத்திரி அவரு எங்கன படுத்திருந்தாரு?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மூக்கு உடைந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. சீமையில் எடுத்த பழைய கணக்கெடுப்பில் ஓர் ஆளை அவன் வீட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். குறிப்பிட்ட ஓர் இரவில் அவன் எங்கே தங்கியிருந்தானோ அங்கேதான் எழுதுவார்கள். கப்பலில் தூங்கினவன் கப்பல் பட்டியலில் இருப்பான், படைவீட்டில் தூங்கினவன் படைவீட்டுப் பட்டியலில் இருப்பான். "ஆளத் தேடாதீரும், அவன் படுத்த எடத்தத் தேடும்" என்பது அண்ணாச்சி அடிக்கடி சொல்வது. நான் இருபது வருடமாக ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பொறாமைக்கு உண்மையான காரணம் அதற்குப் பிறகு வந்தது. நம் நாட்டில் எடுத்த பழைய கணக்கெடுப்பில் ஆள் பெயர் எழுதிய தாள்களை, மொத்தம் கூட்டி எடுத்ததும் அழித்துவிட்டார்கள். மிஞ்சியது மொத்தத் தொகை மட்டும். பாளையங்கோட்டையில் இத்தனை சிப்பாய் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் என் பூட்டனார் எங்கேயோ நிற்கிறார், பெயர் இல்லாமல். ஆனால் அண்ணாச்சியின் கடற்கரை ஆட்கள் கப்பலேறிச் சீமைத் துறைமுகத்தில் நின்ற இரவில் கணக்கெடுப்பு நடந்திருந்தால், அவர்கள் பெயரோடு, வயதோடு, வேலையோடு எழுதப்பட்டிருந்தார்கள். கரி தள்ளுகிறவனுக்கும் பாத்திரம் கழுவுகிறவனுக்கும் பெயர் இருந்தது. துப்பாக்கி தூக்கிய என் பூட்டனாருக்கு இல்லை. ஸ்டெல்லா இங்கிலாந்திலிருந்து அந்தப் பட்டியல்களைப் படியெடுத்து அனுப்புவாள். அண்ணாச்சி அதைக் கூட்டத்தில் விரித்து, "இந்தா இருக்காம்லா" என்று விரலை வைப்பார். எனக்கு வயிறு எரியும்.

கல்லிடைக்குறிச்சிக் கதையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்பளம் போடும் குடும்பம். அவர்கள் முன்னோர் ஒருவர் பட்டாளத்து அதிகாரிக்குச் சமையல்காரராகி, அதிகாரியோடு சீமைக்குப் போனவர். நான் அவரை இரண்டு வருடம் தேடினேன். அதிகாரியின் வீடு, அதிகாரியின் படைவீடு, அதிகாரியின் அண்ணன் வீடு வரைக்கும் போனேன். கிடைக்கவில்லை. அண்ணாச்சி மூன்றே வாரத்தில் ஒரு துறைமுக ஊர் ஆஸ்பத்திரியின் நோயாளிப் பட்டியலில் பிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். "நம்ம ஊரு ஒடம்பு அந்தக் குளுருக்கு ஒரு மாசந் தாங்குமா வே? ஆஸ்பத்திரில கெடப்பான்னு நெனச்சேன், கெடந்தான்" என்றார். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு பெரிய கட்டு அப்பளம் கொடுத்தார்கள். அவர் அதில் பாதியைப் பிரித்து என் கையில் வைத்தார். "நீருதான ரெண்டு வருசம் அலஞ்சீரு" என்றார். எனக்கு ரத்தக் கொதிப்பு, உப்பு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. வீட்டில் பொரித்தார்கள், நானும் நாலு தின்றேன். ஒவ்வொரு அப்பளமும் நொறுங்கும்போது அவரைத் திட்டினேன்.

இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். அவர் உள்ளே வந்ததும் நூலகர் அவர் தலைக்கு மேலே உள்ள மின்விசிறியைப் போடுவார். நான் அதே நாற்காலியில் எட்டு வருடம் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரும் போட்டதில்லை.

ஆனால் அவருடைய வேலை ஒழுங்கைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த ஒழுங்கில்தான் நான் செய்த கெடுதலும் இருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது கப்பல் பக்கம் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கம் இன்னொருவர் எண்ணுவார். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசியில் இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. அண்ணாச்சி அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தார். தான் ஒரு பெயரைக் கண்டால் நோட்டில் பென்சிலில் எழுதுவார். பிறகு அதே பட்டியலை இன்னொருவரிடம் கொடுப்பார். தான் என்ன பார்த்தேன் என்று மூச்சு விட மாட்டார். அவரும் அதே ஆளைப் பார்த்துச் சொன்னால்தான் பென்சில் எழுத்தின்மேல் மையால் எழுதுவார். "ஒருத்தன் கண்ணு ஆசப்பட்டதப் பாக்கும் வே. ரெண்டு பேரு பாத்தாத்தான் மை" என்பார்.

ஒரு கல்லறைத் திருநாளுக்கு அவர் என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப் போனார். அலைச் சத்தம் கேட்கிற மணலில் கல்லறைகள். எல்லாவற்றிலும் மெழுகுவர்த்தி, செவ்வந்தி மாலை. ஒவ்வொரு குடும்பமும் தங்களில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க, பங்குச் சாமியார் அவற்றை வாசித்து மன்றாடினார். அண்ணாச்சி வீட்டுத் தாளில் அவர் பாட்டனார் பெயர் இருந்தது, பூட்டியின் பெயர் இருந்தது, பூட்டனார் சந்தியாகுவின் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவரு கப்பல் வேலைக்குன்னு போனவரு வே. தெருக்காரரு கயித்தானும் கூடப் போனாரு. ரெண்டு பேரும் திரும்பல. எங்க பூட்டன் கொழும்புல வேற குடும்பம் வச்சிட்டாருன்னு ஊரு பேசிச்சி. இருக்காருன்னு சொல்ல முடியாம, செத்தாருன்னும் சொல்ல முடியாம பூட்டி கெடந்திருக்கா. ஓடிப்போனவன் பேர எப்படி வாசிக்கன்னு அன்னைக்கு விட்டது, இன்னைக்கு வரைக்கும் வாசிக்கல" என்றார். சாய்ந்திருந்த ஒரு மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தார். "கப்பல் பட்டியல்ல கல்யாணம் ஆச்சா இல்லையான்னு ஒரு கட்டம் இருக்கும்லா. அந்த மனுசன் வெள்ளக்காரன்ட்ட என்ன சொல்லிருக்காருன்னு பாக்கணும். ஆச்சுன்னு சொல்லிருந்தா பூட்டிய மறக்கலன்னு அர்த்தம். அது போதும், சாமியார்ட்ட பேரக் குடுத்துருவேன்." ஊராருக்கெல்லாம் தேடிக் கொடுத்தவர் மனதில் இதுதான் இருந்தது. அன்று அவர்மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஒரே ஒரு நாள் அது.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாலை, அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் நான்கு தாள். லண்டன் துறைமுகத்தில் நின்ற ஒரு நீராவிக் கப்பலின் பட்டியல். "எனக்குக் கண்ணுல புரை விழுந்திட்டு வே. நீரு பைய வாசிச்சிப் பாரும், நம்ம பக்கத்து ஆளு யாரும் இருக்காகளா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வழக்கம்தானே என்று நான் வாங்கி வைத்தேன்.

அன்றைக்குக் காலையில்தான் எனக்கு ஒரு பதில் வந்திருந்தது. என் பூட்டனாரின் பட்டாளத்து ஓய்வூதியப் பட்டியல் எங்கேயாவது இருக்கும் என்று கடைசியாக நம்பியிருந்த இடத்திலிருந்து வந்த பதில். அப்படி ஒரு பட்டியல் தங்களிடம் இல்லை என்று இரண்டே வரி. அந்தக் கடிதம் மேசைமேல் கிடந்தது. அதன் பக்கத்திலேயே இந்தத் தாள்களை விரித்தேன். மூன்றாம் தாளின் நடுவில் சந்தியாகு இருந்தார். வயது இருபத்தாறு. கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர். பிறந்த இடம் தூத்துக்குடிப் பக்கம். அவருக்கு இரண்டு வரி கீழே கயித்தான். சந்தேகப்பட இடமே இல்லை. கல்யாணக் கட்டத்தில், ஆனவர் என்று தெளிவாக எழுதியிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது போல இருந்தது. இவருக்கு இதுவும் கிடைக்க வேண்டுமா என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் கிடைத்தது, இவருக்கும் கிடைத்தது, எனக்கு மட்டும் இரண்டு வரிக் கடிதம். மறுநாள் அவர் வந்தபோது தாள்களைத் திருப்பிக் கொடுத்து, "ஒண்ணுமில்லை அண்ணாச்சி" என்றேன்.

அவர் தாள்களை வாங்கி அடுக்கினார். "நல்லாப் பாத்தீரா வே?" என்றார்.

"ரெண்டு தடவை பாத்தேன்."

"நீரு பாத்துட்டீருன்னா சரி" என்றார். காபியைக் குடித்தார், என் மனைவியிடம் முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினார், குடையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தப் பட்டியலைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம், கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம், என் ஆள் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். தள்ளத் தள்ளச் சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது. அவர் ஒன்றும் பார்த்திருக்க மாட்டார், கண் தெரியாமல்தான் கொடுத்தார் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இடையில் அவருக்குப் புரை அறுவை நடந்தது, கண் நன்றாகத் தெரிந்தது. இனி அவரே எடுத்துப் பார்த்துவிடுவார், பார்த்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை. மூன்று கல்லறைத் திருநாள் வந்து போயின. மூன்று முறையும் தன் ஊருக்குப் போய், சந்தியாகு இல்லாத தாளைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் ஸ்டெல்லா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். "அப்பா நோட்டெல்லாம் நீங்கதான் பாக்கணும் மாமா. ஒங்களுக்குன்னே ஒரு பக்கம் வச்சிருக்காங்க" என்றாள். விரித்தேன். மேலே 'வாத்தியார் பூட்டன்' என்று எழுதி, அவர் ஒருவேளை பட்டாளத்தோடு சீமைக்குப் போயிருந்தால் எங்கே படுத்திருப்பார் என்று, கீழே பட்டியல் பட்டியலாகக் குறித்திருந்தார். சீமைப் படைவீடுகள், படை ஏற்றிய கப்பல்கள், பட்டாளத்து ஆஸ்பத்திரிகள். நான் கேள்விப்படாத இடங்கள்கூட இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்சிலில் 'இல்லை'. பக்கம் நிறைய, பின்பக்கமும் நிறைய. தேடுகிறேன் என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அடுத்த பக்கம் அவருடையது. பூட்டன் சந்தியாகு என்ற பெயருக்கு நேரே, அந்தக் கப்பலும் தாள் எண்ணும் வரி எண்ணும் பென்சிலில் இருந்தன. கல்யாணம் ஆனவர் என்பதும் இருந்தது. என்னிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறார். நான்தான் இரண்டாவது கண். அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்: 'வாத்தியார் பார்த்தார். இல்லை என்றார். என் கண்தான் ஆசைப்பட்டிருக்கும்.'

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. மூன்றாவதாக ஒருவரிடம் காட்டவில்லை. கண் தெளிந்த பிறகும் மறுபடி பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன், அதனால் முடிந்தது. தன் பூட்டனாரைத் தன் கண்ணாலேயே கண்டுவிட்டு, என் வார்த்தைக்காக அவரைக் கைவிட்டிருக்கிறார்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன் மாமா?" என்றாள்.

"பொறாமை" என்றேன். அதைவிட மரியாதையான ஒரு காரணம் என்னிடம் இல்லை.

"அப்பா ஆஸ்பத்திரில கண்ணுக்கட்டு அவுத்த அன்னைக்கு நாந்தான் லீவுல வந்து கூட இருந்தேன். இனி எல்லாப் பட்டியலையும் திரும்பப் பாக்கலாம்லா அப்பான்னு சொன்னேன். வாத்தியாரு பாத்ததத் திரும்பப் பாத்தா அவரு மனசு நோவும்னு சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். போய்விடலாமா என்று எழுந்தபோது பேனாவோடு திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "நீங்களே எழுதுங்க. பாத்தது நீங்கதான்" என்றாள்.

எழுதினேன். அவருடைய பென்சில் எழுத்தின் மேலேயே, எழுத்து எழுத்தாக, மையால் எழுதினேன். கீழே 'வாத்தியார் பார்த்தார். இருக்கிறார்' என்று சேர்த்து, கையெழுத்தும் போட்டேன். எழுத்து நன்றாக வரவில்லை. அவர் எழுத்து இதைவிட அழகாக இருந்திருக்கும். வருகிற கல்லறைத் திருநாளுக்கு ஸ்டெல்லா சாமியாரிடம் கொடுக்கப்போகிற தாளில் சந்தியாகுவின் பெயர் முதலில் இருக்கும், கஸ்பாரின் பெயர் கடைசியில் இருக்கும். சந்தியாகுவின் பெயரை அவர் தன் காதால் கேட்க முடியாதபடி செய்தவன் நான். இதை உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன். வள்ளியூர்க்காரர் கடிதம் அடுத்த கூட்டத்தில் மேசைமேல் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டுகளை ஸ்டெல்லா வைத்துக்கொண்டாள். என் பூட்டனார் பக்கத்தை மட்டும் பிரித்து என்னிடம் கொடுத்தாள். அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு தாள்தான். அதில் உள்ள 'இல்லை' எல்லாம் பென்சிலில்தான் இருந்தன, அவர் ஒருவர்தானே பார்த்திருக்கிறார். அவர் முறைப்படி நான் அந்தப் பட்டியல்களையெல்லாம் வரவழைத்து இரண்டாவது ஆளாக வாசிக்க வேண்டும். ஒன்றிலாவது அவர் கண்ணுக்குத் தப்பி என் பூட்டனார் இருக்கலாம். பழைய நானாக இருந்தால் அன்றைக்கே தொடங்கியிருப்பேன். அவர் தவறவிட்டதை ஒன்றாவது பிடிக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் காத்திருந்தவன்.

அவருடைய கூர்மையின்மேல் பொறாமைப்பட்டேன், அவருக்குக் கிடைத்த மரியாதையின்மேல், அவர் தலைக்கு மேலே ஓடிய மின்விசிறியின்மேல் பொறாமைப்பட்டேன். இப்போது மிஞ்சியிருக்கும் பொறாமை ஒன்றுதான். தன் கண்ணைவிட இன்னொருவன் கண்ணை நம்ப அவரால் முடிந்தது. நான் என் வாழ்நாளில் யாரையும் அப்படி நம்பியதில்லை. நேற்று அந்தத் தாளை மேசையில் விரித்தேன். எந்தப் பட்டியலையும் வரவழைக்கவில்லை. பேனாவை எடுத்து, முதல் 'இல்லை' தொடங்கிக் கடைசி 'இல்லை' வரைக்கும் ஒவ்வொன்றின் மேலும் மையால் எழுதினேன்.

நீங்க பாத்துட்டீங்கன்னா சரிதான், அண்ணாச்சி.